மலைபடுகடாத்தில் மலைவழி

பத்துப்பாட்டுள் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும் இந்நூல் 583 அடிகளால் ஆயது. ஆற்றுப்படை நூல்களுள் அடியளவால் மிக்கதும் இதுவே. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத் தலைவனாகிய நன்னன்சேய் நன்னனைப் பாடியது. மலையை யானையாகவும், அதன்கண் எழும் பல்வேறு ஓசைகளை அதன் கடாமாகவும் கொண்டு பெயரிடப்பட்டது. 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னர், இந்நூல் கற்போர் கைக்கு எளிதிற் கிடைப்பதாயிற்று.

எளிதிற் கிடைத்தும் பெரிதும் பயிலப்படாத நூல் இது. பயில்வோரும் தொடக்கத்து யாழ் வருணனையையும், நடுவில் மலையின் ஓசைகளை அடுக்கிக் கூறும் பகுதியையும், இறுதியில் நன்னனது கொடைச் சிறப்பையும் எடுத்துப் பயில்வர். இவற்றிடையே மலைவழியின் இடர்களைக் கூறும் நெடும்பகுதியை, குறிஞ்சி வருணனையின் நீட்சி என்று கடந்துவிடுவது பெருவழக்கு. யாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தோம். விலக்கும் ஏவலுமாக வரும் அவ்வடிகள், இயற்கைக் காட்சிகளைத் தொடுப்பதற்குப் புலவர் கண்ட நூல் மட்டுமே என்பது அன்று யாம் மாணவர்க்குக் கூறிய கருத்து. அக்கருத்துப் பொருந்தாது என்பதை இன்று உணர்கிறோம். அதனைத் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழியும் வரிசையும்

முதற்கண், அப்பகுதி கூறுவதை வரிசையாகத் தொகுத்துக் காண்போம். பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் கூத்தர் சுற்றத்துக்கு வழி கூறுகிறான். தினையுண்ண வரும் பன்றிகளுக்காகப் புனங்காப்போர் வழியோரத்தில் அடார் என்னும் கற்பொறியை அமைத்திருப்பர். ஆதலின் இருளிற் செல்லாது விடியுமளவும் தங்கிச் செல்க என்கிறான். பலர் வழங்காத வழியிற் பரற்கற்களுக்கிடையே உள்ள பள்ளங்களில் பாம்பு ஒடுங்கியிருக்கும். அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு, விறலியர் கைதொழுது வாழ்த்த, வழியைச் சற்று விலகிச் செல்க என்கிறான். பரண்மேல் இருந்து யானையை விரட்டுவோர் எறியும் கவண்கல், மூங்கிலைத் துளைத்துக்கொண்டு கூற்றம்போல் வரும். மரங்களின் மறைவிற் செல்க என்கிறான்.

அடுத்து வருவது கான்யாறு. அகழியில் இறங்குவது போன்ற வழுக்கும் வழி; சுழியும் குமிழியும் உடைய ஆழ்ந்த மடு. ஆங்கு, தடித்த கொடிகள் சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, சிறு பிள்ளைகளோடு ஒருவரையொருவர் காத்துக் கடக்க வேண்டும். மடுவின் அருகே நுண்ணிய பாசி அடியை நழுவச் செய்யும், விழுந்தோர் மீளார். ஆங்கு அடர்ந்த சிறுமூங்கிலையும் நாணற்கோலையும் பற்றி நடக்க வேண்டும். பின்னர்ப் பழைய மதில் சூழ்ந்த கோட்டத்தில் உறையும் கடவுளைக் காண்பர். தொழுது செல்வதன்றி இசைக்கருவிகளைத் தொடலாகாது. தொட்டால் அம்மலையில் மழை பொழியும்.

அதன்பின் வருவது யாம் பெரிதும் தவறாகப் பொருள் கொண்ட இடம். தோகை மயில் ஆடித் தளரினும், கூத்தர் சிறுவர்போல் மூங்கிற் கொம்பிற் குரங்கு பாயினும், நெடிய வரையிற் சக்கரம் போன்ற தேனிறால் தொங்கினும், அவற்றைத் திடுமென நிமிர்ந்து நோக்கற்க என்கிறான் கூத்தன். நோக்கினால், வரிசையாகச் செல்லும் மெல்லடிகள் நெறி தவறும் என்று காரணமும் கூறுகிறான். மயிலையும் குரங்கையும் தேனையும் ஒருங்கே காட்டுதற்கு இது நல்ல உத்தி என்று வகுப்பறையில் யாம் வியந்து கூறியதுண்டு. நோக்கற்க என்னும் விலக்கு உத்தியன்று; அது அறிவுரையே என்பதை அந்நாளில் யாம் எண்ணவில்லை.

பருவதமலையிற் கண்டது

நவிரமலை என நூல் கூறும் மலையை, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலையாக அறிஞர் பலர் கருதுவர். நஞ்சுண்ட கடவுள் உறையும் மலை என நூல் கூறுவதற்கேற்ப, அம்மலையுச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயில் உள்ளது. செங்கம் இடபேச்சுரர் கோயிற் கல்வெட்டுப் பாடலொன்றும் நன்னனது மலையை இந்நூலோடு இணைத்துப் போற்றுகிறது. நூலிற் கூறப்படும் சேயாறு, செய்யாறு என்னும் பெயரோடு இன்றும் செங்கம் வழியே ஓடுகிறது.

இம்மலை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,500 அடி உயரமுடையது. தென்மாதிமங்கலம், கடலாடி ஆகிய ஊர்களின் வழியே ஏறுவர். கீழ்ப்பகுதியில் கற்படிகள் உள்ளன. பின்னர்க் காட்டுவழி. உச்சியை நெருங்குமிடத்துச் செங்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாறைகளை நட்டுச் சங்கிலி கோத்திருக்கின்றனர். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என அவ்விடங்களுக்கு மக்கள் பெயரிட்டு வழங்குவர். வழிபடுவோரேயன்றி, மலையேறுதலையே விரும்பி வரும் இளைஞரும் இன்று மிகுதி.

மாணவர் சிலருடன் யாமும் ஒரு முறை ஏறினோம். அடிவாரத்து ஊரினரான முதியவர் ஒருவர் வழி காட்ட முன் நடந்தார். காட்டுவழியில் மாணவர் ஒருவர், மரத்திற் பாய்ந்த குரங்குகளை நடந்தவாறே நிமிர்ந்து நோக்கினார். கால் பிறழ்ந்து வீழ்ந்தார். கணுக்கால் சுளுக்கிற்று, நல்வினையாக அவ்வளவில் நின்றது. அம்முதியவர் அவரைத் தூக்கி அமர்த்திய பின் கூறியது ஒன்றே: பார்க்க வேண்டுமானால் நில்லுங்கள், நடக்க வேண்டுமானால் கீழே பாருங்கள் என்றார். அவர் மலைபடுகடாம் கற்றவரல்லர். நூற்கூற்றும் அவர் கூற்றும் ஒன்றாக இருத்தல் கண்டு யாம் நாணினோம். பல்லாண்டுகள் அவ்வடிகளைப் பாடம் சொல்லியும், மாணவரை முற்படவே எச்சரிக்க எமக்குத் தோன்றவில்லை. வருணனை என்று கற்பித்தோமாதலின், அது எம் நினைவில் வருணனையாகவே தங்கிவிட்டது.

ஒரு நாளைய நிகழ்ச்சி ஓர் இலக்கியக் கொள்கைக்குச் சான்றாகாது என்பதை அறிவோம். இன்றைய படிகள் அன்றில்லை. கூத்தர் சென்ற வழி இதுவே எனத் துணிதற்கும் இயலாது. ஆகவே, நூலின் அகச்சான்றுகளே எம் கருத்தை நிறுவுதல் வேண்டும். அவற்றை இனி ஆராய்வோம்.

குறிஞ்சிப்பாட்டும் மலைபடுகடாமும்

மலைவழியின் இடர்களைக் கூறுதல் சங்கப் பாட்டில் புதிதன்று. இரவிற் குறி நாடி வரும் தலைவனை நோக்கித் தோழி ஆற்றின் இன்னாமை கூறுதல் குறிஞ்சித்திணையின் நன்கறியப்பட்ட துறை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியுடையது. அதன் இறுதியில் பத்தடியளவில் பதினைந்துக்குக் குறையாத இடர்கள் அடுக்கப்படுகின்றன. புலியும் கரடியும் களிறும் இடியும் பாம்பும் முதலைவகைகளும் மலைப்பாம்பும் அதன்கண் உள. வழுக்குநிலமும் வழிமுட்டும் உள. பொருள்வகையால் நோக்கின் மலைபடுகடாம் கூறுவன பலவும் ஈண்டே உள்ளன. ஆதலின், மலைபடுகடாத்தின் இப்பகுதியும் அகமரபின் வழிவந்த அடுக்கே என ஒருவர் கூறக்கூடும். எம் பழைய கருத்துக்கு அடிப்படையும் இதுவே.

ஆயினும் இரண்டற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. குறிஞ்சிப்பாட்டில் இடருக்கு மாற்று எதுவும் கூறப்படவில்லை. கூறப்படாமையே அதற்கு அழகு. தலைவியின் நெஞ்சத்து அச்சத்தைக் காட்டுதலும், களவினின்று வரைவுக்குத் தலைவனைச் செலுத்துதலும் அங்குக் கருத்து. வழியைப் பாதுகாப்பாகக் கடக்கும் முறையைத் தோழி கூறிவிட்டால் அவள் கருத்துச் சிதையும். மலைபடுகடாத்திலோ ஒவ்வோர் இடருக்கும் இடமும் காரணமும் மாற்றும் உள. அடார் உண்டு, ஆதலின் விடியலிற் செல்க. பாசி உண்டு, ஆதலின் கோல் பற்றுக. கவண்கல் உண்டு, ஆதலின் மரம் மறைக. அங்கு இடர் கூறுவது வாராமற் செய்தற்கு. இங்கு இடர் கூறுவது வருமாறு செய்தற்கு. ஒரே பொருள் இரு நோக்கத்தால் இரு வேறு இலக்கியமாகிறது.

இவ்வேறுபாட்டை உளங்கொண்டால், மாற்று இன்றி இடர்மட்டும் வரும் இடங்கள் இந்நூலில் அரியனவாயிருத்தலின் காரணம் புலனாகும். புலவர் அச்சத்தைப் பாடவில்லை, வழியைப் பாடுகிறார்.

செல்வோரின் நிலைக்கு ஏற்ற சொல்

இரண்டாவது சான்று, அறிவுரைகள் செல்வோரின் நிலைக்கு ஏற்ப அமைந்திருத்தல். இவர்கள் வேட்டுவரோ வீரரோ அல்லர். முழவும் ஆகுளியும் தூம்பும் குழலும் பதலையும் பைகளிற் கட்டிச் சுமந்து செல்வோர். உடன் விறலியரும் சிறுவரும் உளர். கல் பொருது நைந்த விறலியரின் அடிக்கு, ஓடி இளைத்த நாயின் நாவை உவமை கூறுகிறார் புலவர். அழகுக்கு வந்த உவமையன்று இது. நெடுந்தொலைவு நடந்தோரின் அடியைக் கண்டார் கூறும் உவமை. கான்யாற்றைக் கடக்குமிடத்துச் சிறுவரை மறவாது குறித்தலும், வரிசையாகச் செல்லும் அடிகள் எனக் கூறுதலும் இந்நிலையையே உணர்த்தும். ஒற்றையடிப்பாதையில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கால் முன்னவர் தவறின் பின்னவரும் தவறுவர்.

இருவகை ஏவல்

மூன்றாவது சான்று, இசைக்கருவி பற்றிய இருவேறு ஏவல்கள். கடவுட்கோட்டத்தின் அருகே கருவியைத் தொடாதீர் என்ற கூத்தன், பின்னர் ஓரிடத்துக் கருவியை இயக்குமின் என்கிறான். குறவரே வழி மயங்கும் குன்றத்துட் புகுந்தால், மேலும் நடத்தலை விடுத்து அகன்ற பாறையிற் கூடியமர்ந்து இசைக்க வேண்டும் என்பது அவன் கூற்று. காடு காத்து உறையும் கானவர் அவ்வொலி கேட்பர். நீர்த்துறையில் வழுக்கி வீழ்ந்தோரின் பூசல் கேட்டு ஓடி வருவார்போல விரைந்து வருவர். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி, இடர் நிறைந்த வழியில் தாமே முன் நடப்பர்.

இதனை முரண் எனக் கருதுவாரும் உளராகலாம். எமக்கு இது முரணாகத் தோன்றவில்லை. இடத்திற்கேற்ப ஏவல் வேறுபடுகிறது. மழை வீழின் தோற்கருவி நனையும், பாறையும் வழுக்கும். ஆதலின் முன்னையிடத்து விலக்கினான் எனலாம். பின்னையிடத்து ஒலியே உதவியை அழைக்கும் கருவியாகிறது. வழி தவறியோர் அலைந்து திரியாது ஓரிடத்தில் தங்கி ஒலியெழுப்ப வேண்டும் என்பதை இக்காலத்து மலையேற்றப் பயிற்சியிலும் முதற்பாடமாகக் கூறுவர். கூத்தருக்கோ அவ்வொலி தம் கலையே. அவர்தம் சுமையாக இருந்த கருவிகள் ஈண்டு அவர்களைக் காக்கின்றன. வறுமையில் உதவாத கலை மலையில் உதவும் இவ்விடம், நூலின் உயர்ந்த பகுதிகளுள் ஒன்று என்பது எம் துணிபு.

பின்வருவோர்க்கு இட்ட குறி

நான்காவது சான்று மலையிறங்கியபின் வருகிறது. போரிற் பட்ட மறவர்க்குப் பெயர் பொறித்து நட்ட கற்கள் நிற்கும் கவர்த்த வழிகள் பல அங்கு உள. செல்லும் ஊரின் பெயரை அறிதற்பொருட்டு எழுத்துப் பொறித்த இடங்களும் உள. இவை முன்னோர் அமைத்த வழிகாட்டிகள். இவற்றோடு அமையாது, வழி பிரியுமிடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து குறியிட்டுச் செல்க எனவும் கூத்தன் கூறுகிறான். அவ்விடம் அறியாத புதியர் அவர். தமக்கே வழி அரிதாயிருக்க, தம்பின் வருவாரையும் கருத வேண்டும் என்பது கருத்து.

ஆற்றுப்படை என்னும் துறையின் உயிர் இதுவே என்போம். தான் பெற்ற வளத்தைப் பிறரும் பெறுமாறு கூறுதல் ஆற்றுப்படையின் இலக்கணம் எனக் கற்பித்து வருகிறோம். வளத்தைக் கூறுதல் எளிது. அதனைப் பெறச் செல்லும் வழியிற் பிறர் கெடாமற் காத்தல் அரிது. பொருநராற்றுப்படையிலும் பாணாற்றுப்படை இரண்டிலும் வள்ளலின் பெருமையும் வழியிடை விருந்தோம்பலும் சிறந்து நிற்கின்றன. இடந்தோறும் அடியெடுத்து வைக்கும் முறையைக் கூறுவது மலைபடுகடாமே. முடிந்த புல்லைக் கண்டு பின்வருவோன் வழி அறிவான். ஆற்றுப்படைப் பாட்டும் அத்தகைய புல்முடிச்சே ஆகும்.

ஒரு தடை

தலைவனது மலையை இத்துணை இடர் உடையதாகப் பாடுதல் அவனுக்குப் புகழாகுமோ என்னும் வினா எழலாம். இந்நூலின்மேல் முன்னரே ஓர் உவமை பற்றிக் குற்றம் கூறப்பட்டமையும், நச்சினார்க்கினியர் அதனை மறுத்தமையும் உரை கற்றார் அறிவர். எம் விடை இது: இடரை மறைத்துப் புகழ்ந்தால் அப்புகழை நம்பி வருவோர் கெடுவர், கெட்டோர் வாயிலாகப் பரவுவது புகழாகாது. மேலும், பன்றிப்பொறியும் கவண்கல்லும் விளைவு காக்கும் முயற்சியின் பயன். இடர் உண்டெனின் விளைவு உண்டு. விருந்தோம்பும் சிறுகுடிகள் உள. வழி தவறினார்க்கு ஓடிவரும் கானவர் உளர். இவ்வாறு இடர்ப்பகுதியே நாட்டின் வளத்திற்கும் மாந்தர் பண்பிற்கும் சான்றாகிறது.

குறையும் இல்லாமலில்லை. உணவு வளம் கூறுமிடங்களில் மிகுதி தோன்றுகிறது. ஒரு சிற்றூரின் விருந்துக்கும் அடுத்ததன் விருந்துக்கும் வேறுபாடு எப்போதும் தெளிவாயில்லை. வழியிற் காணும் துல்லியம் விருந்திற் குறைந்து மரபுக்கூற்று மேலோங்குகிறது. இவ்வேறுபாடும் எம் கருத்துக்கே அரணாகும். வழிப்பகுதியும் வெறும் மரபாயின், இரண்டும் ஒரே தன்மையவாய் இருந்திருக்கும்.

உச்சியும் வழியும்

இன்று மலையேறுவார்க்கு உச்சியே நோக்கம். கூத்தர்க்கு அஃது அன்று. அவர்தம் நோக்கம் நன்னனது ஊர். மலை இடையிற் கடக்க வேண்டிய நிலம். நூலில் உண்மையாகச் செங்குத்து வரையில் ஏறுவோர் தேனெடுக்கும் மலைமக்களே. ஆண்குரங்கும் ஏறலாகாத நெடுவரையில் மால்பு எனப்படும் கண்ணேணியை நிறுத்தி அவர்கள் ஏறித் தேன் கொள்ளும் ஆரவாரம், மலையோசைகளுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. கைப்பிடி தவறி மலைப்பிளவில் வீழ்ந்த குட்டிக்காக மந்தி சுற்றத்தோடு எழுப்பும் பூசலும் அவ்வோசைகளுள் ஒன்று. ஏறுதலின் மகிழ்ச்சியையும் வீழ்ச்சியின் துயரையும் புலவர் ஒரே மலையின் குரலாகக் கேட்டிருக்கிறார்.

2018 மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் காட்டுத்தீயிற் சிக்கிய மலையேற்றத்தாருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைவழிகளை ஒரு திட்டத்தின்கீழ்த் திறந்தபோது, அவ்வம் மலைகளின் பழங்குடி இளைஞர்க்குப் பயிற்சியளித்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. புதியவர் முன்னே மலையறிந்தவர் நடக்க வேண்டும் என்னும் இம்முறையைக் கானவர் வாயிலாக மலைபடுகடாம் முன்னரே காட்டியிருக்கிறது. பண்டே எல்லாம் இருந்தன என்று பெருமை பேசுதற்காக இதனைக் கூறவில்லை. இப்பாட்டின் ஏவல்கள் உயிர் பற்றியவை என்பதை நினைவூட்டவே கூறினோம்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன: மலைபடுகடாத்தின் வழிப்பகுதி அகத்திணை இடர்க்கூற்றின் பொருளை எடுத்துக்கொண்டு அதன் நோக்கத்தை மாற்றுகிறது, அதன் அறிவுரைகள் செல்வோரின் நிலைக்கும் இடத்திற்கும் ஏற்ப அமைந்தவை, மலையைக் கடந்தாரின் அறிவு அதன்கண் உண்டு, பின்வருவோரைக் காத்தலே அதன் உட்கருத்து. ஆகவே, இப்பகுதியை ஒதுக்கிவிட்டு நூலைப் பயிற்றுதல் தகாது. வரும் ஆண்டிலிருந்து எம் வகுப்பில் இப்பகுதியை முழுமையாகவும், அடிகளின் வரிசை மாறாமலும் கற்பிக்க எண்ணியுள்ளோம். இயலுமாயின் மலையடிவாரத்திலேயே தொடங்குவோம். அந்நாளில் மாணவர்க்கு யாம் கூறும் முதற்பொருள், நடக்குங்கால் நிமிர்ந்து நோக்கற்க என்பதாகவே இருக்கும்.